கீழ்மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எந்தக் குழுவின் கணக்கு?

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் மலைச்சாலையில் காப்பி இறங்குகிறது, வாழைத்தார் இறங்குகிறது, மிளகு இறங்குகிறது. காப்பிக்குக் கணக்கு வைக்க 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாரியமே இருக்கிறது. கொடைக்கானல் மலைகளின் தாழ்ந்த பகுதியான இந்தக் கீழ்மலையில் அதற்குத் தாண்டிக்குடியில் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அதே சாலையில் ஆட்களும் இறங்குகிறார்கள். வேடசந்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகள், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோயம்புத்தூர் பட்டறைகளுக்கும் பையன்கள், அங்கொருவர் இங்கொருவராக வளைகுடா. இவர்களில் எத்தனை பேர் என்ன வேலை தெரிந்துகொண்டு போனார்கள், போன இடத்தில் என்ன கற்றார்கள், திரும்பி வந்தவர்களுக்கு அது எதற்காவது பயன்பட்டதா என்ற கேள்விக்கு ஊராட்சி அலுவலகத்திலும் விடை கிடைக்காது, தில்லியிலும் கிடைக்காது.

தில்லியில் இந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை நாடாளுமன்ற நிலைக்குழுக்களுடையது. 1993-இல் 17 குழுக்களாகத் தொடங்கி, 2004 முதல் 24 ஆக இருக்கும் இந்தத் துறைசார் குழுக்கள் ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேள்விப் பட்டியல் முன்கூட்டியே அமைச்சகத்துக்குப் போகும். எழுத்துப்பூர்வ விடை வரும். பிறகு செயலாளர்கள் நேரில் வந்து சாட்சியம் சொல்வார்கள். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் கேமராவுக்காகப் பேச வேண்டிய கட்டாயம் உறுப்பினர்களுக்கு இல்லை. அவையில் ஒருவரையொருவர் பேசவிடாதவர்கள் இங்கே சேர்ந்து உட்கார்ந்து ஒரே அறிக்கையை ஏற்கிறார்கள். அறிக்கையின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. ஆனால் ஏற்றோமா, ஏன் ஏற்கவில்லை என்று அரசு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் மீதும் ஓர் அறிக்கை வரும். நம்முடைய நாடாளுமன்ற முறையில் உருப்படியான கேள்விகள் பிறக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

சிக்கல், இந்தக் குழுக்கள் அமைச்சகங்களின் சுவர்களை ஒட்டியே பிரிக்கப்பட்டிருப்பது. வெளிநாடு போகிறவர் வெளியுறவுக் குழுவின் பொறுப்பு. உள்நாட்டுக்குள் புலம்பெயரும் தொழிலாளி தொழிலாளர் குழுவின் பொறுப்பு. கிராமப்புற இளைஞருக்கான திறன் பயிற்சித் திட்டமான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா ஊரக வளர்ச்சிக் குழுவிடம். பழங்குடியினரின் கல்வி சமூக நீதிக் குழுவிடம். காப்பித் தோட்டம் வணிகத்துறைக் குழுவிடம். பாச்சலூர்ப் பிள்ளை ஒருத்தி பத்தாவது முடித்துவிட்டு மில்லுக்குப் போனால், அவள் கதை இத்தனை அறைகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாடு ஆகிய மூன்றும் ஒரே குழுவின் கீழ் வருகின்றன. 17-ஆவது மக்களவையில் பர்த்ருஹரி மஹ்தாபும், இப்போது பசவராஜ் பொம்மையும் தலைமை ஏற்ற குழு அது. அதாவது மில், மில்லில் வேலை பார்க்கும் பெண், அவளுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி மூன்றையும் பற்றி ஒரே மேசையில் கேள்வி கேட்கும் அதிகாரம் இந்த 31 பேருக்கு இருக்கிறது. ஆனாலும் புலம்பெயர்வு ஓர் அறிக்கையில் பேசப்படுகிறது, திறன் பயிற்சி வேறோர் அறிக்கையில் பேசப்படுகிறது.

முதலில் புலம்பெயர்வு. 2020 கோடையில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பியதை நாடே பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டபோது, அப்படிப்பட்ட புள்ளிவிவரம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் விடை சொன்னது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. தொழிலாளர் நிலைக்குழு 2021 ஆகஸ்டில் வைத்த 25-ஆவது அறிக்கை இதைச் சாடியது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், அதாவது இரண்டு மாதங்கள் கழித்து 2020 ஜூனில்தான், அமைச்சகம் மாநிலங்களுக்கு விவரம் கேட்டு எழுதியது என்பதைக் குழு பதிவு செய்தது. நூறு நாள் வேலை போல நகரத்துக்கும் ஒரு வேலை உறுதித் திட்டம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இ-ஷ்ரம் தளம் திறக்கப்பட்டது. அதில் இப்போது 30 கோடிக்கு மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பதிவு ஒரு நாள் நடப்பது, பெயர்வு ஆண்டு முழுதும் நடப்பது. காப்பிப் பறிப்புக்குக் கார்த்திகையில் மலையில் இருந்துவிட்டு, மாசியில் திருப்பூருக்கு இறங்கி, அறுவடைக்குத் திரும்பும் ஆளை அந்தத் தளம் எந்த ஊர்க்காரராக வைத்திருக்கிறது?

சட்டமும் இவரைப் பார்ப்பதில்லை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், பெயரிலேயே சொல்வதுபோல், மாநில எல்லையைத் தாண்டி, அதுவும் ஒப்பந்தக்காரர் மூலம் போனவருக்கானதாக இருந்தது. 2020-இல் வந்து 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தானாகவே போனவரையும் சேர்த்துக்கொண்டது, மாதச் சம்பளம் ₹18,000-க்கு மேற்படாமல் இருந்தால். எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது. பாச்சலூரிலிருந்து வேடசந்தூருக்குப் போகிற பெண் மாவட்டத்தையே தாண்டவில்லை. மொழி மாறவில்லை, ரேஷன் கார்டு மாறவில்லை. அவளுடைய சாப்பாடு, தூக்கம், வெளியே போகும் நேரம் எல்லாம் ஹாஸ்டல் வார்டன் கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் புலம்பெயர்ந்தவள் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்து மெஷினில் நிற்கிறவளுக்குப் பொருந்தும் பிரிவு இவளுக்குப் பொருந்தாது. இருவரின் ஷிப்டும் ஒன்றுதான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் புலம்பெயர்வும் திறன் கல்வியும் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடம் இந்த மில் வாசல்தான். மலையோர ஊர்களின் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் ஆள் எடுக்கும் நோட்டீசுகளை நின்று படித்தால் தெரியும். 'பயிற்சியாளர்கள் தேவை' என்று மேலே பெரிதாக இருக்கும். அதன்கீழ் பத்தாவது தேறியவர், தேறாதவர், தங்குமிடம் இலவசம், மூன்று வேளை உணவு, அடியில் ஒரு கைபேசி எண். ஒரு காலத்தில் இதோடு 'மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை' என்ற வரியும் இருந்தது. 2000-களில் சுமங்கலி திட்டம், கேம்ப் கூலி என்று ஊரில் பேர் வாங்கியது அதுதான். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று அனுப்புவார்கள். இரண்டரை ஆண்டில் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகை கிடையாது. 2011-இல் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் வந்து, துணி வாங்கும் பெரிய கம்பெனிகள் கூச்சப்பட்ட பிறகு அந்தப் பெயர் மறைந்தது. பஞ்சுத் தூசியும் ஹாஸ்டல் பூட்டும் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை.

நான் இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புவது 'பயிற்சியாளர்' என்ற தகுதியைப் பற்றி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. தொழிற்சாலையில் நின்று தொழில் கற்பவருக்கு உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். அந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லி, ரிங் ஃப்ரேமில் அறுந்த நூலை ஒட்டுவதற்கு மூன்று ஆண்டுப் பழகுநர் காலம் என்று வைத்தார்கள். அறுந்த நூலை எடுத்து, டிராவலர் வழியாக விட்டு, ரோலருக்கடியில் வரும் பஞ்சோடு விரலால் ஒட்டும் வேலையைக் கெட்டிக்காரப் பெண் சில வாரங்களில் பிடித்துக்கொள்வாள், சில மாதங்களில் கண் மூடிச் செய்வாள். மிச்ச ஆண்டுகள் பயிற்சி என்ற பேரில் குறைந்த கூலிக்கு உழைப்பு. முடிவில் கையில் சான்றிதழும் இல்லை. திறன் கல்வியின் பேரால் ஒரு பெயர்வு நடந்திருக்கிறது, திறனும் அங்கீகாரமும் வந்து சேரவில்லை. தொழிலாளர், ஜவுளி, திறன் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கும் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: தென் மாவட்ட மில்களில் பயிற்சியாளர் என்று பதிவானவர்களில் எத்தனை பேர் தேசியத் தகுதிச் சான்றிதழோடு வெளியே வந்தார்கள்?

திறன் பயிற்சி பற்றிய கேள்விகள் வேறு தடத்தில் போகின்றன. 2015 ஜூலை 15 அன்று தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா பற்றி இதே குழு 2022-இல் ஓர் அறிக்கை வைத்தது. பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள், ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, வேலை கிடைத்தவர் ஏன் குறைவு என்றெல்லாம் துருவியது. அதன்பின் 2025 டிசம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. சுமார் 95.9 லட்சம் பயனாளிகளின் பதிவுகளில் 94.53 சதவீதத்தில் வங்கிக் கணக்கு விவரம் சுழியம், வெற்றிடம், பொருந்தாது என்ற வகையில் இருந்தது. ஒரே புகைப்படம் பல பெயர்களுக்கு ஒட்டியிருந்தது. குறுகிய காலப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலையில் அமர்ந்தவர்கள் 41 சதவீதம். இதைப் படித்துவிட்டு ஊழல் என்று கூச்சலிடுவது எளிது. எனக்கு உறுத்துவது வேறு. வேலை கிடைத்த அந்த 41 சதவீதம் பேர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள், அங்கே ஆறு மாதம் தங்கினார்களா என்று அறிய அந்தத் தரவில் வழி இருக்கிறதா? குறைந்தபட்சம் தீன்தயாள் திட்டமாவது, ஊரைவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு மாதம் ₹1,000 வீதம் கொடுத்து, தூரம் கூடக்கூட மாதங்களையும் கூட்டியது. நகரங்களில் புலம்பெயர்வு உதவி மையங்களையும் திட்டத்தில் எழுதிவைத்தது. பயிற்சியும் பெயர்வும் ஒரே ஆளுக்கு நேர்பவை என்று ஒத்துக்கொண்ட திட்டம் அது. அது வேறு குழுவிடம் இருக்கிறது.

முன்பே தெரிந்த வேலைக்குச் சான்றிதழ் தருவது என்று ஒரு பிரிவும் கௌசல் யோஜனாவில் உண்டு. முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். கொஞ்ச நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, சான்றிதழ். மொத்தச் சான்றிதழ்களில் கணிசமான பங்கு இப்படிக் கொடுக்கப்பட்டது. எண்ணிக்கை காட்டச் சுளுவான வழி என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. மலைக்கு இதுதான் அதிகம் தேவை என்று நான் நினைக்கிறேன்.

கீழ்மலையில் காப்பித் தோட்டத்தில் பத்து வருடம் வேலை பார்த்த ஆளோடு ஒரு நாள் நடந்தால் புரியும். அரபிகா செடியின் தண்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவார். பட்டையில் மெல்லிய மேடு தட்டுப்பட்டால் நின்றுவிடுவார். உள்ளே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. இலை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் பக்கத்துச் செடிகளும் போகும். அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், அதுவும் வண்டு வெளியே வரும் பருவத்துக்கு முன்னால். பறிப்பு முடிந்ததும் கவாத்து. நடுவில் வெளிச்சம் இறங்கும்படி, எந்த வாதை விட்டு எந்த வாதை வெட்டுவது என்பதில் அடுத்த இரண்டு வருட விளைச்சல் இருக்கிறது. சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகை ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறிப்பது தனி வித்தை. இந்த மலையின் விருப்பாச்சி வாழை முடிக்கொத்து நோயில் ஏறக்குறைய அழிந்து, திசு வளர்ப்புக் கன்றுகளால் மீண்டு, புவிசார் குறியீடும் வாங்கிய கதையில், நோய்ப்பட்ட கன்றைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கத் தெரிந்த கண்களுக்கும் பங்கு உண்டு. இந்த ஆள் திருப்பூருக்கு இறங்கிய அன்று அரசுப் பதிவேட்டில் திறனற்ற தொழிலாளி ஆகிறார். செக்கிங் டேபிளில் 'ஹெல்பர்' ஆகிறார். மேலே தோட்டக்காரர்களோ வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள்.

அதனால் மலையிலேயே இருங்கள் என்று யாரிடமும் சொல்லிவிட முடியாது. தினக்கூலிக்குச் செடி தடவுவதைவிட ஓசூரில் மின்சார வண்டி பூட்டுவது மேல் என்று ஒரு பையன் நினைத்தால் அவன் நினைப்பு சரிதான். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ₹2,877 கோடி செலவில் புதுப்பித்தது அவனுக்காகத்தான். திறன் பயிற்சிக்கான நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் முதல் நடக்கிறது. கல்லூரிக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகும் அரசுப் பள்ளிப் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ₹1,000, பையனுக்குத் தமிழ்ப்புதல்வனில் அதே தொகை. ஆனால் மலைப்பிள்ளைக்கு ஐ.டி.ஐ. சேர்வதே முதல் புலம்பெயர்வு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பேருந்து நிற்கும் பாதையில் தினமும் போய்வர முடியாது. அறை எடுக்க வேண்டும் அல்லது விடுதி வேண்டும். பளியர், மலைப் புலையர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ்ச் சிக்கல் வேறு. புலையரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரும் கோரிக்கை பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது. விடுதிக் கட்டில் எத்தனை என்ற கேள்வி திறன் கல்விக் கேள்வியாக எந்தக் குழுவிலும் கேட்கப்படுவதில்லை.

திறனைப் பார்க்காமல் ஆளை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. 1974-இல் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை இரு நாடுகளும் பாதிப் பாதி பகிர்ந்துகொண்டன. ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்தது தேயிலை: கொழுந்தெடுப்பு, கவாத்து, நாற்றங்கால். அவர்களில் ஒரு பகுதிக்காகத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது, அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ அப்படி வந்தது. சிலருக்கு நூற்பாலை வேலை. பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டதோ வியாபாரக் கடன், குடும்பத்துக்கு ₹5,000. தராசு பிடித்தறியாதவர்களை முன்பின் தெரியாத ஊரில் கடை போடச் சொன்னது அரசு. பணம் தரகர் கையிலும் சாப்பாட்டிலும் கரைந்தது. அதன்பின் அவர்கள் தாங்களாகவே மலையைத் தேடிப் போனார்கள், நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைகளுக்கும். கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் கூப்புகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்களில் தாயகம் திரும்பியோரும் இருந்தார்கள். ஓர் அரசாங்கம் கையெழுத்துப் போட்டு நடத்திய பெயர்வு இது. ஆள் கணக்கு ஒவ்வொரு தலையாக வைத்திருந்தார்கள். என்ன வேலை தெரியும் என்ற பத்தியும் படிவத்தில் இருந்திருக்கும். அதற்கும் ₹5,000 கடனுக்கும் தொடர்பு இல்லாமல் போனது.

வெளிநாட்டுப் பெயர்வுக்கு வருவோம். 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. இன்றும் ஆளுகிற சட்டம் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அதன்கீழ் பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று பதிவாகும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்தத் தொல்லை இல்லை, அந்தப் பாதுகாப்பும் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் திறனுக்கும் விவரத்துக்கும் ஒரே அளவுகோலாக வைத்திருக்கிறது சட்டம். வெல்டிங் தெரிந்து எட்டாவதோடு நின்றவரும், எதுவும் தெரியாமல் பன்னிரண்டு முடித்தவரும் கவுண்டரில் எப்படிப் பிரிக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். 2018 முதல் புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு நாள்! 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்தவர்களில் ஏழு பேர் தமிழர்கள். 2022-இல் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியாகப் போய் மியான்மரில் சிக்கிய தமிழ் இளைஞர்கள், அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட்டில் போகக்கூடிய படித்த கூட்டம்.

சசி தரூர் தலைமையிலான வெளியுறவு நிலைக்குழு 2025 ஏப்ரலில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் பற்றி வைத்த அறிக்கையில், புதிய குடியேற்றச் சட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைச் சுட்டியது. 2021-இல் ஒரு வரைவு வந்து போயிருந்தது. 2025 அக்டோபரில் இன்னொரு வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டார்கள். ஜப்பானோடும் ஜெர்மனியோடும் இஸ்ரேலோடும் ஆள் அனுப்ப ஒப்பந்தங்கள் நடக்கின்றன. அவற்றில் மொழி, தொழில் தேர்வு எல்லாம் அந்த நாடுகள் வைக்கும் நிபந்தனை. பிலிப்பைன்சில் இதை அனுப்பும் நாடே செய்கிறது. 1994-இல் அமைந்த தொழிற்கல்வி ஆணையத்தின் சான்றிதழ் இல்லாமல் வீட்டு வேலைக்குக்கூடப் பெண்ணை அனுப்புவதில்லை. நாட்டையே ஏற்றுமதிப் பயிற்சிக்கூடமாக்கிவிட்டார்கள் என்ற கசப்பும் அங்கே உண்டு. பிரிட்டன் மறுமுனையைப் பிடித்தது. வெளிநாட்டு ஆளை எடுக்கும் பெரிய நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு திறன் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2017-இல் விதித்தார்கள். உள்ளூர்க்காரரைப் பயிற்றுவிக்காமல் வெளியாள் தேடுவதற்கான விலை அது. பணம் பயிற்சிக்கு நேரே போகாமல் கருவூலத்தில் சேர்கிறது என்ற குறை இருந்தாலும், பெயர்வையும் பயிற்சியையும் ஒரே ரசீதில் எழுதிய யோசனை அது. மேலிருந்து ஆள் இறக்கும் மில்லும், அசாமிலிருந்து ஆள் இறக்கும் மில்லும் மலைப்பகுதிப் பயிற்சிக்கு ஏதாவது கட்ட வேண்டுமா என்று நம் குழுவும் ஜவுளித்துறைச் செயலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பதற்குத் தரவு வேண்டும். 2020–21 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நாட்டில் புலம்பெயர்ந்தோர் 28.9 சதவீதம். பெண்களில் 47.9, ஆண்களில் 10.7. புலம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் திருமணம் என்று எழுதியிருக்கிறது. கல்யாணச் செலவுக்குச் சம்பாதிக்க மில்லுக்குப் போய், பிறகு அந்தப் பக்கமே வாக்கப்பட்டவளை அந்தப் படிவம் எந்தக் கட்டத்தில் போடும்? ஒரே காரணம்தான் எழுத இடம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு புலம்பெயர்ந்தோரை 45 கோடிக்கு மேல் என்றது. காரணம், தூரம் முதலியவற்றின் விரிவான அட்டவணைகள் 2019-இல்தான் வந்தன. அடுத்த கணக்கெடுப்பின் நாள் 2027 மார்ச் 1. கடைசியாக இருந்த ஊர் எது, ஏன் வந்தீர்கள் என்று இந்த முறையும் கேட்பார்கள். ஊரை விடும்போது என்ன தொழில் தெரிந்திருந்தது என்ற ஒரு வினாவை அதற்கடுத்துச் சேர்க்க நிலைக்குழு இப்போதே பரிந்துரைத்தால், குறைந்தது அரசு ஏன் முடியாது என்றாவது எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும். அட்டவணைகள் சென்ற முறை போல எட்டு வருடம் எடுத்துக்கொண்டால், இன்று பாச்சலூரில் ஏழாவது படிக்கும் பிள்ளை மலை இறங்கி, மில்லில் ஒரு சுற்று முடித்திருப்பாள்.